சிறு விமானம் கிளம்பும்போது விமானி எங்கே தவறுகிறார்?

ஊத்தான் மெலிந்தாங் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஈப்போவில் பயிற்சி முடித்து தனியார் விமானி உரிமம் வாங்கியாயிற்று. இனி தோட்டத்துப் புல் ஓடுபாதையிலிருந்து, நான்கு இருக்கை உள்ள செஸ்னா 172இல் அம்மா, மாமா, அத்தை மூவரையும் ஏற்றிக்கொண்டு பறக்க ஆசை. "சிறு விமானம் கிளம்பும்போது விழுந்தால் விமானியின் தவறு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் என்ன தவறு செய்கிறார்கள்? அம்மா ஏறப் பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது?"

தம்பி, அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை த்ரோட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டும் பிடி) முழுவதும் தள்ளுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். மீதி, "போதும், நிறுத்து" என்று முடிவெடுக்க வேண்டிய சில நொடிகளில் நடக்கும். அந்த முடிவைத் தரையிலேயே, எஞ்சின் ஓடுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளாத விமானி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டே யோசிக்க வேண்டியிருக்கும். அங்கே யோசிக்க நேரம் கிடையாது. விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவது அல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது என்றுதான் சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. விசாரணை அறிக்கையை முழுதாகப் படித்தால், ஒரே ஒரு பெரிய தவறு இருப்பது அபூர்வம். சின்னச் சின்ன விடுபடல்கள் நான்கைந்து வரிசையாக நிற்கும்.

கீழே வரும் எண்கள் செஸ்னா 172எஸ் மாடலுக்கானவை. உங்கள் விமானம் வேறு மாடல் என்றால் அந்த விமானத்தின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஓடுபாதையின் நீளம். கையேட்டில் கிளம்பும் தூர அட்டவணை இருக்கிறது. முழு எடை 1,157 கிலோ, கடல் மட்டம், 30 டிகிரி வெப்பம், காற்றில்லை, காய்ந்த சமமான தார்ப்பாதை, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) 10 டிகிரி, பிரேக்கைப் பிடித்தபடி முழு த்ரோட்டில் கொடுத்துப் பிறகு விடுவது: இந்த நிலையில் சக்கரம் தரையை விட 326 மீட்டர், 50 அடி உயரத்தைத் தாண்ட மொத்தம் 552 மீட்டர். "நம் ஓடுபாதை 800 மீட்டர் இருக்கிறதே, தாராளம்" என்று தோன்றும். இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். இரவு மழை பெய்திருக்கிறது, புல் ஈரம். காய்ந்த புல்லுக்கு ஓட்டத் தூரத்தில் 15 விழுக்காடு கூட்டச் சொல்லும் கையேடு, ஈரப் புல்லுக்கு எண்ணே தருவதில்லை. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பாதுகாப்புக் குறிப்பு ஈரப் புல்லுக்கு மொத்தத் தூரத்தில் 30 விழுக்காடு கூட்டச் சொல்கிறது. 552 இப்போது 718 ஆகிறது. ஒரு முனையில் மரங்கள் குட்டை என்பதற்காக அந்தப் பக்கம் பார்த்துக் கிளம்புகிறீர்கள், முதுகுப் பக்கம் 4 நாட் காற்று (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). பின்காற்று ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 விழுக்காடு என்கிறது கையேடு. 861 மீட்டர். கையேட்டு எண்கள் புது விமானத்தில், தேர்ந்த சோதனை விமானி எடுத்தவை; அதனால் அதே பிரிட்டன் குறிப்பு கடைசியில் 1.33ஆல் பெருக்கச் சொல்கிறது. 1,145 மீட்டர். 552இல் தொடங்கிய கணக்கு இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. இதில் எந்தப் படியும் மிகைப்படுத்தல் இல்லை, நம் ஊரில் சாதாரணமாக ஒரு காலையில் அமையக்கூடியவைதான்.

அந்த 50 அடி என்பது 15 மீட்டர். மறுநடவு நெருங்கும் செம்பனை மட்டையோடு சேர்த்து அந்த அளவுக்கு நிற்கும். ஆகவே ஓடுபாதை முனையில் முதிர்ந்த செம்பனை இருந்தால் கையேட்டின் "50 அடி" வரிசையில் உள்ள எண்ணே உங்களுக்குப் போதாது. ஓடுபாதையின் நீளத்தையும் யாரோ சொன்னதை வைத்து நம்ப வேண்டாம். நடந்து அளந்து பாருங்கள். நடக்கும்போது புல்லின் உயரம், தண்ணீர் தேங்கும் இடம், ட்ராக்டர் தடம், மாடு மேயும் பக்கம் எல்லாம் தெரிந்துவிடும். ஜெண்டராட்டா போல சொந்த ஓடுபாதை அமைத்த தோட்டங்கள் நம் பக்கம் உண்டு; அவற்றைப் பயன்படுத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம், அங்கே கோபுரத்திலிருந்து காற்று விவரம் சொல்லவோ, "வேண்டாம்" என்று தடுக்கவோ ஆள் இருக்காது என்பது மறுபுறம்.

வெப்பத்தைப் பற்றி. விமானத்தின் கணக்கு கடல் மட்டத்தில் 15 டிகிரி என்ற தரநிலையில் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 120 அடி மேலே போனது போலக் குறையும். 33 டிகிரி பகலில், பாகான் டத்தோ கரையோரத்தில் நின்றாலும் உங்கள் எஞ்சினும் இறக்கையும் ஏறத்தாழ 2,160 அடி உயரத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். ஈரப்பதம் இன்னும் சில நூறு அடியைச் சேர்க்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு 3 விழுக்காடு அளவில் சக்தி இழக்கும். காலை ஏழரைக்கும் மதியம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்தது எடை. நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் ஏறலாம் என்று நினைப்பதுதான் 172இல் மிகப் பரவலான தவறு. விமானத்தின் வெற்று எடை சுமார் 760 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் உங்கள் விமானத்தின் எடைத் தாளில் இருக்கும். டேங்க் நிறைய 200 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. மிச்சம் 253 கிலோ. நீங்கள் 75, அம்மா 65, மாமா 85, அத்தை 70: மொத்தம் 295. பையை வைப்பதற்கு முன்பே 42 கிலோ அதிகம். 10 கிலோ சாமானும் சேர்ந்தால் 72 லிட்டர் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். 128 லிட்டரில் மணிக்கு 35 லிட்டர் வீதம் மூன்றரை மணி நேரம் ஓடும், பக்கத்து மாநிலத்துக்குப் போய் வர அது போதும். ஆகவே "எதற்கும் டேங்கை நிரப்பிவிடுவோம்" என்பது இங்கே பாதுகாப்பு அல்ல. எடை 10 விழுக்காடு கூடினால் கிளம்பும் தூரம் 20 விழுக்காடு நீளும்.

மொத்த எடையைவிட ஆபத்தானது எடை எங்கே இருக்கிறது என்பது. டுரியான் காலத்தில் இரண்டு மூட்டையைப் பின்னால் தள்ளிவிடலாம் என்று தோன்றும். 172எஸ்ஸில் பின்பக்கச் சாமான் இடம் இரண்டுக்கும் சேர்த்து 54 கிலோதான் எல்லை, அதிலும் கடைசிப் பகுதிக்கு 23 கிலோதான். எடை மையம் பின் எல்லையைத் தாண்டினால் மூக்கு தானாக மேலே எழும், யோக்கை (விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) முன்னால் தள்ளினாலும் இறங்காது. 2001 ஆகஸ்டு 25 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரில் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேரைக் கொண்டு சென்ற செஸ்னா 402பி கிளம்பிய உடனே விழுந்தது. அனுமதித்த எடையும் தாண்டியிருந்தது, எடை மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. ஏறுபவர்களிடம் எடையைக் கேட்பது நம் ஆட்களிடம் கூச்சமான காரியம். தராசை வைத்துவிடுங்கள், கைப்பையோடு சேர்த்து நிற்கச் சொல்லுங்கள்.

எரிபொருளில் இரண்டு தனித்தனி ஆபத்துகள். ஒன்று தண்ணீர். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படியும், மழை மூடியின் பழைய ரப்பர் வளையம் வழியாக இறங்கும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். சரிவில் நிறுத்திய விமானத்தில் வடிகுழாய்க்கு எட்டாத மூலையில் தங்கும். 172எஸ்ஸில் வடிகுழாய் 13: ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, வயிற்றுக்குக் கீழே மூன்று. சலிப்பில் மூன்று நான்கு பார்த்துவிட்டு மற்றதை விடுகிறவர்கள் உண்டு. 13ஐயும் பாருங்கள். கோப்பையை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பாருங்கள்: 100எல்எல் பெட்ரோல் வெளிர்நீலம். பெட்ரோலையும் தண்ணீரையும் பிரிக்கும் கோடு எதுவும் தெரியாமல் முழுதும் நிறமற்று இருந்தால் "சுத்தமாக இருக்கிறது" என்று ஊற்றிவிடாதீர்கள், அது மொத்தமும் தண்ணீராக இருக்கலாம். மோந்து பாருங்கள்.

இரண்டாவது, டேங்க் மாற்றும் திருகு. செஸ்னா 172இல் "போத்" (இரண்டு டேங்கும்) என்ற நிலை இருக்கிறது, அதில் வைத்துவிட்டால் தீர்ந்தது. பைப்பர் பிஏ-28 வகையில் இடது அல்லது வலது மட்டும்தான். எஞ்சின் சோதனையை ஒரு டேங்கில் முடித்துவிட்டு, கிளம்பும் முன் "நிறைந்த டேங்குக்கு மாற்றுவோம்" என்று திருப்பி, திருகு இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஓடுபாதையைக் கடக்கப் போதும், இருநூறு முந்நூறு அடியில் எஞ்சின் நிற்கும். நிறைந்த டேங்கை எஞ்சின் இயக்கும்போதே தேர்ந்தெடுத்து, அதே டேங்கில் சோதித்து, அதே டேங்கில் கிளம்ப வேண்டும்.

கார்புரேட்டர் உள்ள பழைய 172, 152, பைப்பர் வாரியர் என்றால் பனி பிடிக்கும் சிக்கலும் சேரும். நம் வெயிலில் பனியா என்று கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலான வாயைக் கடக்கும்போதும் உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஈரமான காற்று உறைய அது போதும். மெதுவான ஓட்டத்தில் நீண்ட நேரம் காத்திருந்தால் கிளம்பும் முன் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் பிடி) இழுத்துப் பாருங்கள், ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) இறங்கிப் பிறகு தடுமாறி ஏறினால் உள்ளே பனி இருந்தது என்று பொருள். கிளம்பும்போது அதை மூடியிருக்க வேண்டும். 172எஸ்ஸில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் முறை எஞ்சின்; இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

கட்டுப்பாடுகள் சுதந்திரமாக, சரியான பக்கம் அசைகின்றனவா என்ற சோதனை ஐந்து நொடி வேலை. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம், காற்றுக்கு அசையாமல் இருக்கப் போட்ட பூட்டை எடுக்காமலே கிளம்பி விழுந்தது. விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது அதற்குப் பிறகுதான். ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, 2014 மே 31 அன்று, அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதே வகைப் பூட்டோடு ஓடி ஏழு பேரைப் பலிகொண்டது. அந்த விமானத்தின் முந்தைய 175 கிளம்பல்களில் 98 விழுக்காட்டில் இந்தச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை என்பது பதிவுக் கருவியிலிருந்து தெரிந்தது. அனுபவசாலிகள்தான் அவர்கள். அனுபவம் வந்ததால்தான் விட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

செஸ்னாவின் பூட்டுக் கம்பியில் சாவித் துளையை மறைக்கும் தகடு இருக்கும், அதனால் பூட்டோடு எஞ்சினை இயக்க முடியாது. அந்தக் கம்பி தொலைந்து, பதிலுக்கு ஓர் ஆணியோ போல்ட்டோ செருகிய விமானத்தைப் பார்த்தால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். சோதிக்கும்போது யோக்கை இரண்டு கையாலும், கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கப் பிடியுங்கள். யோக்கைத் திருப்பினால் கட்டைவிரல் சாயும் பக்கத்து இறக்கையின் முனையோரப் பலகை (எய்லரான்) மேலே எழ வேண்டும். எழாவிட்டால் பணிமனையில் கம்பியை மாற்றிக் கோத்திருக்கிறார்கள். ட்ரிம் சக்கரம் (மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) கிளம்பும் குறியில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இறங்கி நிற்காமல் உடனே மறுபடி கிளம்பும் பயிற்சியில், இறங்க வைத்த ட்ரிம்மும் 30 டிகிரி ஃப்ளாப்பும் அப்படியே இருந்து மூக்கைத் தூக்கிவிடும்.

இருக்கையைப் பற்றிப் புதியவர்களுக்கு யாரும் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. பழைய செஸ்னாக்களில் இருக்கை ஓடும் தண்டவாளத் துளைகள் தேய்ந்து, பூட்டு ஊசி பாதிதான் இறங்கியிருக்கும். மூக்கைத் தூக்கும் நொடியில் இருக்கை பின்னால் வழுக்கும். விமானி விழாமல் இருக்கக் கையில் உள்ளதைப் பிடிப்பார், கையில் இருப்பது யோக். மூக்கு செங்குத்தாக ஏறி, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறி, தூக்கும் விசை உடையும். அதைத்தான் ஸ்டால் என்கிறோம். 1987இல் அமெரிக்க ஆணையம் இந்தத் தண்டவாளங்களைக் கட்டாயமாகச் சோதிக்க உத்தரவிட்டது. உட்கார்ந்து சரிசெய்த பிறகு காலால் தரையை உந்தி முன்னும் பின்னும் குலுக்கிப் பாருங்கள். "க்ளிக்" சத்தம் மட்டும் போதாது. ஓட்டத்தின் நடுவில் வழுக்கினால் முதலில் யோக்கை விடுங்கள்.

குளவியையும் மறக்க வேண்டாம். தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பகல் நிறுத்தினாலே போதும், வேகமானிக்குக் காற்று போகும் பிட்டோ குழாயில் மண்கூடு கட்டிவிடும். உறை போட்டு வையுங்கள். ஓடத் தொடங்கியதும் வேகமானி முள் அசைகிறதா என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். அசையாவிட்டால் நிறுத்துங்கள்.

எஞ்சின் சோதனை: 1,800 ஆர்பிஎம்மில் இரண்டு மேக்னெட்டோவையும் (எஞ்சினுக்குத் தீப்பொறி தருபவை) தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் இறக்கம் 150க்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 50க்குள். முழு த்ரோட்டிலில், நின்ற நிலையில் 2,300 முதல் 2,400 வர வேண்டும். வராவிட்டால் அன்று பறக்க வேண்டாம். "ஓடும்போது சரியாகிவிடும்" என்று கிளம்புவதும் விமானியின் தவறுதான், எஞ்சின் கோளாறு அல்ல.

இனி ஓட்டம். முழு சக்தியில் ப்ரொப்பெல்லர் விமானத்தை இடது பக்கம் இழுக்கும், வலது ரடரை (வால் சுக்கானின் கால்மிதி) அழுத்தியே நேராக வைக்க வேண்டும். இடமிருந்து குறுக்குக் காற்றும் இருந்தால் இழுப்பு இன்னும் கூடும், தோட்டத்து ஓடுபாதையின் ஓரத்தில் வடிகால் இருக்கும். 55 நாட்டில் மூக்கைத் தூக்குங்கள், 74 நாட்டில் ஏறுங்கள். முனையில் மரம் இருந்தால் அதைத் தாண்டும் வரை குறுகிய ஓடுபாதை முறைப்படி, ஃப்ளாப் 10 டிகிரியோடு 56 நாட்.

இங்கே வழக்கமாக ஏமாற்றுவது தரை விளைவு. 172இன் இறக்கை நீளம் 11 மீட்டர். இறக்கை அந்த நீளத்தைவிட வெகு தாழ்வாக, தரைக்கு அருகில் இருக்கும்போது, தூக்குவிசையால் வரும் இழுவை கணிசமாகக் குறைந்துவிடும். அதனால் வேகம் போதாமலே விமானம் எழும்பிவிடும். ஓடுபாதை முடிகிறதே என்று விமானி 45, 48 நாட்டிலேயே யோக்கை இழுக்கிறார். சக்கரம் எழுகிறது, நிம்மதி வருகிறது. நாலைந்து மீட்டர் ஏறியதும் இழுவை திரும்ப வருகிறது, ஏற்றம் நிற்கிறது, முன்னால் மரம். மூக்கை இன்னும் தூக்கினால் இழுவை இன்னும் கூடும், வேகம் இன்னும் குறையும். ஸ்டால் எச்சரிக்கை ஒலிக்கும்போது அவர் யோக்கைத் தளர்த்துவதற்குப் பதில் இழுத்துக்கொண்டிருப்பார். 1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் ஷையானில் ஏழு வயதுச் சிறுமியும், அவளுடைய தந்தையும், பயிற்றுநரும் இறந்த செஸ்னா 177பி விபத்திலும் முடிவு கிளம்பிய சிறிது நேரத்தில் நேர்ந்த ஸ்டால்தான். 6,000 அடிக்கு மேல் உயரமான விமான நிலையம், 96 பவுண்டு அதிக எடை, நெருங்கி வந்த இடிமழை. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

எழும்பிய பிறகு ஏறவில்லை என்றால் மூக்கைத் தாழ்த்தி, தரையை ஒட்டியே வேகத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் இடம் வேண்டும். இடம் இல்லாத ஓடுபாதையில் அந்த நிலைக்கே வந்திருக்கக் கூடாது.

அதனால்தான் நிறுத்தும் இடம். என் பார்வையில் இந்தப் பதிலில் இதைவிட முக்கியமானது இல்லை. ஓடுபாதையின் பாதியில் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள்: வெள்ளை அடித்த கல், ஒரு கொடி, ஒரு குறிப்பிட்ட பனை. அந்த இடத்துக்கு வரும்போது எழும் வேகத்தில் 70 விழுக்காடு வந்திருக்க வேண்டும். 55இல் 70 விழுக்காடு 38.5, வேகமானியில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 விழுக்காடு வேகம் என்பது பாதி ஆற்றல்தான், ஆகவே பாதித் தூரத்தில் அது வராவிட்டால் மீதிப் பாதியில் முழு வேகம் வராது. வரவில்லை என்றால் விவாதம் வேண்டாம்: த்ரோட்டில் மூடு, யோக்கைப் பின்னால் இழு, ஃப்ளாப் மேலே, பிரேக். ஈரப் புல்லில் பிரேக் சரியாகப் பிடிக்காது, ஆகவே ஓடுபாதை நிற்பதற்கே போதாத அளவு குட்டையாக இருந்தால் அடையாளத்தைக் கிளம்பும் முனைக்கு இன்னும் பக்கமாக வைக்க வேண்டும். விமானம் 25 நாட்டில் வடிகாலில் இறங்கினால் மூக்குச் சக்கரம் போகும். 60 நாட்டில் மரத்தில் மோதினால் ஆட்கள் போவார்கள். கிளம்பாமல் நின்ற விமானியைப் பார்த்து வீட்டார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

ஓட்டத்தில் கதவு திறந்துகொண்டால்? சத்தம் பயங்கரமாக இருக்கும், காகிதங்கள் பறக்கும், ஆனால் விமானம் நன்றாகவே பறக்கும். ஓடுபாதை மிச்சமிருந்தால் நிறுத்துங்கள். எழும்பிவிட்டால் கதவை மறந்துவிட்டு ஒரு வட்டமடித்து இறங்குங்கள். பறந்துகொண்டே கதவைச் சாத்த முயன்று வேகத்தைக் கவனிக்காமல் விட்டவர்களைத்தான் கதவு கொன்றிருக்கிறது.

எஞ்சின் நின்றால். 74 நாட்டில், மூக்கு மேல்நோக்கி இருக்கும் நிலையில் சக்தி போனால் மூன்று நான்கு நொடியில் வேகம் கரைந்துவிடும். மனித மூளை "நின்றுவிட்டதா?" என்று நம்ப எடுக்கும் நேரமும் அவ்வளவுதான். ஆகவே முதல் அசைவு யோக்கை முன்னால் தள்ளுவது. கையேடு சொல்வது: ஃப்ளாப் இல்லாமல் 70 நாட், ஃப்ளாப்போடு 65. பிறகு மிக்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவைப் பிடி) இழு, எரிபொருள் அடைப்பானை மூடு, சாவியை அணை, தேவையான ஃப்ளாப், மெயின் சுவிட்ச் அணை, கதவின் தாழைத் திறந்து வை, நேராக முன்னால் இறங்கு. பக்கவாட்டில் 30 டிகிரிக்குள் நல்ல இடம் இருந்தால் திரும்பலாம்.

ஓடுபாதைக்கே திரும்பி வர முயன்று இறந்தவர்கள் பலர். 45 டிகிரி சாய்த்தால் இறக்கை தாங்கும் எடை 1.41 மடங்கு, ஸ்டால் வேகம் 19 விழுக்காடு ஏறி 48 நாட் 57 ஆகிவிடும். 60 டிகிரியில் 41 விழுக்காடு. 70 நாட்டில் 45 டிகிரி திருப்பத்தின் ஆரம் சுமார் 130 மீட்டர். அரை வட்டம் முடிந்ததும் ஓடுபாதைக்கு 260 மீட்டர் தள்ளி நிற்பீர்கள், மறுபடி உள்ளே திரும்பி நேராக்க வேண்டும். இதற்குள் உயரம் போயிருக்கும், காற்றும் இப்போது முதுகில். எத்தனை அடிக்குக் கீழே திரும்பவே கூடாது என்ற எண் உங்களிடம் இருக்க வேண்டும், அதை ஊகிக்கக் கூடாது. பயிற்றுநரோடு 3,000 அடிக்குப் போய், ஏறும் நிலையில் சக்தியைக் குறைத்து, நான்கு நொடி சும்மா இருந்து, பிறகு திரும்பிப் பாருங்கள். இழந்த உயரத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் எண். அதைச் செய்து பார்க்கும் வரை ஆயிரம் அடிக்குக் கீழே திரும்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் "நேராக முன்னால்" என்றால் செம்பனை. 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நடுகிறார்கள், வரிசைக்கு வரிசை 8 மீட்டருக்கும் குறைவு. இறக்கை 11 மீட்டர். ஆகவே வரிசைக்கு நடுவே சேதமில்லாமல் இறங்க வழியே இல்லை. மறுநடவு செய்த இளங்கன்று நிலம், அகலமான செம்மண் சாலை, சபாக் பெர்ணம் பக்கம் என்றால் வயல்: இவை எங்கே என்று பறக்காத நாளில் மோட்டாரில் சுற்றிப் பார்த்து வையுங்கள். மின்கம்பம் எங்கே என்பதையும் குறியுங்கள். மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். வேறு வழியே இல்லாமல் முதிர்ந்த மரங்கள் மீது இறங்க வேண்டியிருந்தால், காற்றை எதிர்கொண்டு, முழு ஃப்ளாப், இறக்கைகள் சமமாக, ஸ்டாலுக்குச் சற்று மேலான மிகக் குறைந்த வேகத்தில் மட்டைகளின் மேற்பரப்பையே தரையாக எண்ணி உட்கார வையுங்கள். உடல் பகுதி தடித்த மரத்தில் மோதாமல் இரண்டு மரத்துக்கு நடுவே போகட்டும், இறக்கைகள் அடியை வாங்கட்டும். 70 நாட்டுக்குப் பதில் 50 நாட்டில் மோதினால் ஆற்றல் பாதி. கட்டுப்பாட்டோடு மோதுவதும் ஸ்டாலாகிச் சுழன்று விழுவதும் ஒன்றல்ல, முதலாவதில் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

வானிலையில் ஒன்று மட்டும். மே முதல் அக்டோபர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் சுமத்ரா புயல்வரிசை, மற்ற நாட்களில் மதிய இடிமழை. மழை இன்னும் பத்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அதன் குளிர்காற்று முன்னால் ஓடிவரும். எதிர்க்காற்று சில நொடியில் பின்காற்றாக மாறும். "மழை வருவதற்குள் கிளம்பிவிடலாம்" என்ற அவசரம்தான் ஆபத்து. மட்டைகள் திடீரென வேறு பக்கம் சாய்ந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு விமானத்தைக் கட்டிப்போடுங்கள்.

அம்மாவுக்கு: அவர் பயப்படுவதில் தவறில்லை, சமாதானம் சொல்லி ஏற்ற வேண்டாம். நீங்கள் போட்ட எடைக் கணக்கையும் நிறுத்தும் அடையாளத்தையும் காட்டுங்கள். இருக்கைப் பூட்டையும் பெல்ட்டையும் கதவுத் தாழையும் அவரே திறந்து மூடிப் பழகட்டும். ஆயிரம் அடி ஏறும் வரை யாரும் பேசக் கூடாது, புகை வாசம் வந்தாலோ ஏதாவது கழன்று தெரிந்தாலோ மட்டும் உடனே சொல்ல வேண்டும் என்று மூவரிடமும் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் பயணம் அம்மா மட்டும், பாதி டேங்க், காலை வேளை, ஈப்போவின் நீண்ட தார் ஓடுபாதையிலிருந்து. தோட்டத்துப் புல் பாதையில் முதலில் பயிற்றுநரோடு, காய்ந்த நாளில், ஆளில்லாத பின் இருக்கைகளோடு பலமுறை ஏறி இறங்குங்கள். மாமாவும் அத்தையும் அதற்குப் பிறகு, இரண்டு தடவையாக.